பூச்சிட்ட கம்பியும் கொங்கிரீட்டின் பிடிப்பும்: கொழும்பில் கட்டுவோருக்கான முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை வரை கடலோரக் குடியிருப்புகளின் மொட்டைமாடிகளைப் பார்த்தால், என்றாவது ஒரு நாள் மேல்மாடி எழுப்பலாம் என்ற எண்ணத்தில் தூண்களின் மேல் நீட்டி விடப்பட்ட கம்பிகள் ஏராளமாகத் தென்படும். சில கறள் பிடித்துச் செதிள் செதிளாக உரிகின்றன. சிலவற்றுக்குச் சிவப்பு ஒக்சைட் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சிலவற்றின் மேல் சீமெந்துக் கரைசல் பூசிக் காய்ந்திருக்கிறது. பெயின்ட் அடித்தவர் கம்பியைக் கறளிலிருந்து காப்பாற்றியதாகவே நினைக்கிறார். ஆனால் நாளை அதே கம்பியைச் சுற்றி ஊற்றப்படும் கொங்கிரீட், கம்பியையல்ல, பெயின்டைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறது என்பது அவருடைய கணக்கில் இல்லை.

கம்பிக்குப் பூசப்படும் எந்தப் பாதுகாப்பும் இரண்டு வேலைகளை ஒருசேரச் செய்கிறது. அது உப்பையும் ஈரத்தையும் தடுக்கிறது; கம்பிக்கும் கொங்கிரீட்டுக்கும் இடையில் மூன்றாவது பொருளாகவும் நுழைகிறது. முதலாவது வேலையை மட்டும் பார்த்துப் பூச்சைத் தெரிவுசெய்பவர், இரண்டாவதின் விலையைக் கம்பியின் நீளத்தில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அது விரிசலாகவும் நழுவலாகவும் பின்னர் வெளிப்படும். இவ்வழிகாட்டி வீடு கட்டுபவர், ஒப்பந்தகாரர், தளத்தில் நிற்கும் இளம் பொறியியலாளர் ஆகியோருக்காக எழுதப்படுகிறது. பொறுப்பேற்றுக் கையொப்பமிடும் கட்டமைப்புப் பொறியியலாளரின் கணக்குக்கு இது மாற்று அல்ல.

முதலாம் படி: பிடிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளல்

கொங்கிரீட் இழுவையைத் தாங்காது, உருக்குத் தாங்கும். இழுவை கொங்கிரீட்டிலிருந்து கம்பிக்குப் போய்ச் சேர வேண்டுமானால் இரண்டும் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்க வேண்டும். அந்தப் பற்றுதல் மூன்று வழிகளில் உண்டாகிறது. சீமெந்துப் பசை உருக்கின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வது முதலாவது. மேற்பரப்பின் சொரசொரப்பால் உண்டாகும் உராய்வு இரண்டாவது. கம்பியின் மேலுள்ள குறுக்கு வரிகள் கொங்கிரீட்டில் முட்டி நிற்பது மூன்றாவது.

வரியில்லாத வழுவழுப்பான கம்பியில் முதலிரண்டு மட்டுமே உண்டு. இன்று கொழும்பில் விற்கப்படும் வரிக் கம்பிகளில் பெரும் பங்கை வரிகளின் முட்டுதலே தாங்குகிறது. ஒட்டுதல், கம்பி மிகச் சிறிதளவு நகர்ந்தவுடனேயே விட்டுவிடும். இதை வைத்து, வரி இருக்கும்வரை பூச்சினால் பாதிப்பில்லை என்று முடிவுகட்டுபவர் உண்டு. அது பாதி உண்மை. வரியின் சரிந்த முகத்தில் கொங்கிரீட் முட்டும்போது அந்த முகத்தில் உராய்வு இருந்தால்தான் விசை கம்பியின் நெடுக்குத் திசையில் இறங்கும். உராய்வு குறைந்தால் கொங்கிரீட் வரியின் மேல் ஏறி வழுக்கப் பார்க்கும். அப்போது விசையின் பெரும் பகுதி வெளிப்பக்கமாகத் திரும்பி, கம்பியைச் சுற்றியுள்ள கொங்கிரீட்டைப் பிளக்கும். பூச்சிட்ட கம்பி பெரும்பாலும் உருவிக்கொண்டு வெளியே வருவதில்லை. தன்னை மூடியிருக்கும் கொங்கிரீட்டைக் கம்பியின் நீளவாக்கில் பிளந்துகொண்டு தோற்கிறது. ஆகவே கம்பிக்கு மேலுள்ள கொங்கிரீட்டின் தடிப்பும், கம்பிகளுக்கு இடையிலான இடைவெளியும், சுற்றிக் கட்டப்படும் வளையங்களும் பூச்சிட்ட கம்பிக்கு மற்றக் கம்பியைவிட அதிகமாகத் தேவைப்படுகின்றன.

இவ்விடத்தில் கறளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கம்பியோடு இறுக ஒட்டியிருக்கும் மெல்லிய செந்நிறக் கறள் பிடிப்பைக் கெடுப்பதில்லை. மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவதால் சிறிது உதவவும் கூடும். தட்டினால் உதிரும் செதிள், விரலில் ஒட்டும் தூள், வரிகளைத் தின்றுவிட்ட குழிகள் ஆகியவையே ஆபத்து. பழைய சோனகத் தெருக் கடையிலிருந்து வந்திறங்கிய கம்பி இரண்டு மழைக்குப் பின் சிவந்துவிட்டது என்பதற்காகப் பதறி அதற்குப் பெயின்ட் அடிப்பது, இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து உண்மையான நோயை வரவழைப்பதாகும்.

இரண்டாம் படி: பூச்சு தேவையா என்று தீர்மானித்தல்

நல்ல கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு இயற்கையாகவே ஒரு காப்பு உண்டு. சீமெந்தின் காரத்தன்மையால் கம்பியைச் சுற்றியுள்ள நீரின் பி.எச். அளவு 12.5க்கு மேல் இருக்கிறது. அந்த நிலையில் உருக்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒக்சைட் படலம் ஒன்று உருவாகிக் கறளைத் தடுக்கிறது. இந்தப் படலத்தைக் குலைப்பவை இரண்டு. காற்றிலுள்ள காபனீரொட்சைட் மெல்ல உள்ளே புகுந்து காரத்தைக் குறைப்பது ஒன்று. உப்பிலுள்ள குளோரைட் கம்பியை எட்டுவது மற்றொன்று. கொழும்பின் மேற்குக் கரையில் இரண்டாவதே பெரிய எதிரி. மே மாதம் தொடங்கிச் செப்தெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று அலைத்துளிகளை நேராகக் கட்டடங்களின் மேல் கொண்டுவந்து படியவைக்கிறது.

பி.எஸ். 8110 என்னும் பிரித்தானியக் கொங்கிரீட் வடிவமைப்பு நியமம் அங்கே 2010ஆம் ஆண்டே மீளப்பெறப்பட்டுவிட்டது. ஆயினும் ஐரோப்பிய நியமமான யூரோகோட் 2க்கு மாறிக்கொண்டிருக்கும் இங்குள்ள பொறியியலாளர்கள் பலருக்கு அதுதான் கைப்பழக்கம். அதன்படி, எப்போதாவது கடல்நீர்த் துளிகள் படும் மேற்பரப்பு மிகக் கடுமையான சூழல் என்ற வகையில் சேரும். அந்தச் சூழலில் 40 தரக் கொங்கிரீட்டுக்கு (சதுர மில்லிமீற்றருக்கு 40 நியூற்றன் அழுத்தம் தாங்குவது) கம்பியின் மேல் 50 மில்லிமீற்றர் கவர், அதாவது மூடும் கொங்கிரீட்டின் தடிப்பு, வேண்டும். 45 தரமானால் 40 மில்லிமீற்றர். 50 தரமானால் 30 மில்லிமீற்றர் போதும். மிதமான சூழலில் 35 தரத்துக்கு 35 மில்லிமீற்றர். மரைன் டிரைவை நோக்கிய பல்கனியும், பொரளையில் உட்புறமாக அமைந்த அறையின் பீமும் ஒரே கவரோடு கட்டப்படுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் நடைமுறையில் இரண்டுக்கும் ஒரே அளவு கவர் கட்டைகளை வைத்து ஊற்றுவதுதான் வழக்கமாக இருக்கிறது.

இதில் என் நிலைப்பாடு இதுதான்: கொழும்பில் சாதாரண வீடு கட்டுபவர் பூச்சிட்ட கம்பியைத் தேடிப் போகுமுன், அதே பணத்தில் கொங்கிரீட்டின் தரத்தை ஒரு படி உயர்த்தி, நீரைக் குறைத்து, கவரைச் சரியாக வைத்து, ஏழு நாளாவது ஈரம் காக்கட்டும். இவை கம்பியைக் காக்கின்றன, பிடிப்பையும் கூட்டுகின்றன. கறளையும் பிடிப்பையும் ஒருங்கே கவனிக்கும் வழி இதைவிட வேறில்லை. ஆற்றுமணலுக்குப் பதிலாகக் கடல்மணல் சேரும் இடத்தில், அது கழுவப்பட்டதா என்பதற்கான சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். கலவையிலுள்ள மொத்தக் குளோரைட் சீமெந்தின் எடையில் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது வலுவூட்டிய கொங்கிரீட்டுக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் எல்லை. கலவைக்குள்ளேயே உப்பு இருந்தால் வெளியே எத்தனை மில்லிமீற்றர் கவர் வைத்தும் பயனில்லை.

அலைத்துளி நேரே படும் இடங்கள், கடல்நீர் ஏறியிறங்கும் தூண்கள், இறங்குதுறைகள், மெல்லிய தகடுகளாக அமைந்து கவர் வைக்க இடமில்லாத உறுப்புகள் ஆகியவற்றில் மட்டுமே பூச்சு உண்மையான கேள்வியாகிறது.

மூன்றாம் படி: எந்தப் பூச்சு பிடிப்பை என்ன செய்யும்

எப்பொக்சி என்னும் செயற்கைப் பிசினிலிருந்து தொடங்குவோம், பிடிப்பை அதிகம் குறைப்பதும் அதிகம் ஆராயப்பட்டதும் அதுவே. தொழிற்சாலையில் கம்பியை மணல்வீச்சால் சுத்தப்படுத்திச் சூடாக்கி, அதன் மேல் எப்பொக்சித் தூளைத் தூவுகிறார்கள். தூள் உருகிப் படலமாக இறுகுகிறது. பெரும்பாலும் பச்சை நிறத்தில் வரும். 1973இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பாலமொன்றில் முதன்முதலாகப் பயன்பட்டது. ஏ.எஸ்.டி.எம். ஏ 775 என்னும் அமெரிக்கத் தரநியமம் 16 மில்லிமீற்றர் வரையான கம்பிக்கு 175 முதல் 300 மைக்ரோன் (மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையும், அதைவிடப் பெரியதற்கு 175 முதல் 400 மைக்ரோன் வரையும் தடிப்பை அனுமதிக்கிறது. சிறிய கம்பிக்கு எல்லை இறுக்கமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 10, 12 மில்லிமீற்றர்க் கம்பிகளின் வரிகள் உயரம் குறைந்தவை. தடித்த படலம் வரியின் அடியில் தேங்கி அந்த உயரத்தையும் நிரப்பி, முகத்தின் சரிவையும் மழுங்கடித்துவிடும்.

எப்பொக்சிப் படலம் வழுவழுப்பானது. சீமெந்துப் பசை அதில் ஒட்டுவதில்லை. ஒட்டுதல் முற்றாகப் போய், உராய்வும் குறைந்து, முட்டுதல் மட்டும் எஞ்சுகிறது. விளைவு இரண்டு வகையில் தெரியும். ஒன்று, கம்பி தன் முழு வலுவை எட்ட அதிக நீளம் தேவைப்படுகிறது. மற்றொன்று அதிகம் பேசப்படாதது: பூச்சிட்ட கம்பியுள்ள பீமில் விரிசல்களின் எண்ணிக்கை குறையும், ஆனால் ஒவ்வொன்றும் அகலமாகத் திறக்கும். கறளைத் தடுக்கப் போட்ட பூச்சே உப்புக்கு அகன்ற வாசலைத் திறந்துவிடுகிறது. படலம் பழுதில்லாமல் இருக்கும்வரை இது பொருட்டல்ல, கீறல் இருந்தால் அந்த வாசல் நேராக அங்கேதான் முடியும். அமெரிக்காவின் புளோரிடா தீவுத்தொடர்ப் பாலங்களில், எப்பொக்சிக் கம்பியிட்ட கடல்நீர்த் தூண்களில் கட்டி முடித்துப் பத்தாண்டு ஆவதற்குள், 1986இல், கறள் கண்டறியப்பட்டது. வெப்பமும் ஈரமும் உப்பும் கூடிய அந்தச் சூழல் கொழும்புக்கு அந்நியமானதல்ல என்பதால், இங்கே எப்பொக்சியைப் பரிந்துரைப்பவரிடம் அந்த அனுபவத்தை முதலில் கேட்க வேண்டும்.

நாகமுலாம், அதாவது துத்தநாகப் பூச்சு, வேறு வகை. சூடான நாகத்தில் கம்பியைத் தோய்த்தெடுக்கும்போது நாகம் உருக்கோடு கலப்புலோகமாகவே இணைந்துவிடுவதால், அது உரிந்து வரும் படலமாக இருப்பதில்லை. ஏ.எஸ்.டி.எம். ஏ 767இன் கனமான வகுப்பில் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1070 கிராம் நாகம் இருக்கும். தடிப்பு 150 மைக்ரோன் அளவு. புதிதாக ஊற்றிய கொங்கிரீட்டின் காரத்தோடு நாகம் வினைபுரிந்து ஐதரசன் வாயுவை வெளியிடும். அந்தக் குமிழிகள் கம்பியைச் சுற்றித் தங்கினால் ஆரம்ப நாட்களின் பிடிப்பு குறையும். இதைத் தடுக்கவே முலாமிட்ட கம்பிகளைக் குரோமேட் கரைசலில் நனைப்பது வழக்கமாயிற்று. வினை அடங்கிய பின் நாகத்தின் மேல் கல்சியமும் நாகமும் சேர்ந்த படிகங்கள் உருவாகி, அவையே சீமெந்துப் பசையோடு பின்னிக்கொள்கின்றன. 28 நாளான கொங்கிரீட்டில் முலாமிட்ட வரிக் கம்பியின் பிடிப்பு வெறும் கம்பியினதற்கு இணையாகவே கணக்கிடப்படுகிறது. அமெரிக்க நியமமான ஏ.சி.ஐ. 318 இதற்குக் கூடுதல் நீளம் எதையும் கேட்பதில்லை. கடல் சூழ்ந்த பெர்முடாவில் பல தசாப்தங்களாக இக்கம்பி பயன்பட்டு வருகிறது. கொழும்பில் பூச்சு வேண்டியே தீரும் என்ற இடத்தில் என் முதற்தெரிவு இதுவே. வளைவுகளை முலாமிடுவதற்கு முன்பே வளைத்துவிடுவது நல்லது. பின்னர் வளைத்தால் நாகம் வெடிக்கும்.

நாகத்தின் மேல் எப்பொக்சியும் சேர்ந்த இரட்டைப் பூச்சும் சந்தையில் உண்டு. பிடிப்பைப் பொறுத்தவரை வெளியே இருப்பது எப்பொக்சி என்பதால், எப்பொக்சிக்குரிய கணக்கே அதற்கும்.

சீமெந்தும் பொலிமரும் சேர்ந்த பூச்சு மூன்றாவது வழி. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய, கறள்தடுப்பி கலந்த சீமெந்துக் கரைசல் முறை இந்திய நியமம் ஐ.எஸ். 9077இல் இடம்பெற்றது. பூச்சின் அடிப்படை சீமெந்தே என்பதால் கொங்கிரீட் அதோடு இயல்பாகச் சேரும். பழைய கட்டடங்களைத் திருத்தும்போது இரண்டு பொதியாக விற்கப்படும் சீமெந்துப் பூச்சுகளும் இதே குடும்பம். உற்பத்தியாளர் சொல்லும் காயும் நேரத்துக்குள் திருத்தச் சாந்து வைக்கப்பட வேண்டும் என்பதே அவற்றின் முக்கிய நிபந்தனை.

தளத்தில் வாளியில் கரைத்துப் பூசும் வெறும் சீமெந்துக் கரைசலை இதோடு குழப்பக் கூடாது. வெயிலில் ஈரம் காக்கப்படாமல் காய்ந்த கரைசல், பாதி நீரேறிய தூளாக நிற்கும். விரலால் தேய்த்தாலே சாம்பல்போல் உதிரும் அந்தப் படை, கம்பிக்கும் புதுக் கொங்கிரீட்டுக்கும் இடையில் வலுவற்ற தளமாகிறது. கரைசல் ஈரமாக இருக்கும்போதே கொங்கிரீட் ஊற்றினால் கெடுதியில்லை. காய்ந்துவிட்டால் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்க வேண்டும்.

பெயின்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கடைகளில் கிடைக்கும் சிவப்பு ஒக்சைட் வகைகளில் பெரும்பாலானவை எண்ணெய் அல்லது அல்கைட் அடிப்படையிலானவை. கொங்கிரீட்டின் காரம் அவற்றைச் சவர்க்காரமாக்கி மென்மைப்படுத்திவிடும். கொங்கிரீட்டுக்குள் அவை பாதுகாப்பும் அல்ல. தார் இன்னும் மோசம்: கொங்கிரீட் வீதிகளின் மூட்டுகளில் தளத் துண்டுகள் சுருங்கி விரிய இடம் வேண்டும் என்பதற்காக, பிடிப்பை வேண்டுமென்றே ஒழிக்க, அத்துண்டுகளை இணைக்கும் டவல் (dowel) கம்பிகளின் ஒரு பாதியில் பூசும் பொருள்தான் அது. அதை வீட்டுத் தூணின் கம்பியில் காப்பென்று பூசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கொங்கிரீட் ஊற்ற அடிக்கும் அச்சுப் பலகைக்குப் பூசும் எண்ணெயும் ஒருவகைப் பூச்சே, யாரும் விரும்பிப் பூசாத பூச்சு. பழைய என்ஜின் எண்ணெயைப் பலகைக்குத் தடவும் வேலை, கம்பி கட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கம்பிக்கூடு கட்டிய பின் இடுக்கில் தூரிகையை விட்டு எண்ணெய் தடவ எந்த மேசனையும் அனுமதிக்கக் கூடாது.

நான்காம் படி: நீளத்தைக் கணக்கிடுதல்

பி.எஸ். 8110இன்படி பிடிப்புத் தகைப்பு (தொடும் பரப்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றரும் தாங்கும் விசை), கொங்கிரீட்டின் கனவுரு வலுவின் வர்க்கமூலத்தைக் கம்பியின் வகைக்குரிய குணகத்தால் பெருக்கிப் பெறப்படுகிறது. இழுவையிலுள்ள நல்ல வரிக் கம்பிக்கு அது 0.5, வரியில்லாத கம்பிக்கு 0.28. 30 தரக் கொங்கிரீட்டில் வரிக் கம்பிக்குச் சதுர மில்லிமீற்றருக்கு 2.74 நியூற்றன் கிடைக்கும். 500 தரக் கம்பியின் வடிவமைப்புத் தகைப்பு 0.87ஆல் பெருக்க 435 ஆகிறது. 16 மில்லிமீற்றர்க் கம்பிக்கு 435ஐ 16ஆல் பெருக்கி, 2.74இன் நான்கு மடங்கால் வகுத்தால் ஏறத்தாழ 635 வரும். கைக்கணக்கில் விட்டத்தின் 40 மடங்கு, அதாவது 640 மில்லிமீற்றர்.

அந்த அட்டவணையில் பூச்சுக்கென்று தனிக் குணகம் இல்லை. ஏ.சி.ஐ. 318இல் உண்டு. எப்பொக்சிக் கம்பியின் கவர் விட்டத்தின் 3 மடங்குக்குக் குறைவாகவோ, கம்பிகளுக்கிடையிலான வெற்றிடம் 6 மடங்குக்குக் குறைவாகவோ இருந்தால் நீளத்தை 1.5ஆல் பெருக்க வேண்டும். மற்ற நிலைகளில் 1.2. நாகமுலாமிட்ட கம்பிக்கும் வெறும் கம்பிக்கும் 1.0. நம் 16 மில்லிமீற்றர்க் கம்பிக்கு 3 மடங்கு என்பது 48 மில்லிமீற்றர். 25, 30, 40 மில்லிமீற்றர்க் கவர் வைக்கும் கொழும்பு வீடுகளின் பீம்களில் 1.2 கிடைக்க வாய்ப்பே இல்லை, 1.5தான். ஆகவே 640 மில்லிமீற்றர் 960ஆகிறது.

இது இரண்டு நியமங்களைக் கலந்து, விளைவின் பருமனைக் காட்டுவதற்காகப் போட்ட கணக்கு. வரைபடத்துக்கு ஒரே நியமத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்பற்ற வேண்டும். மேற்பக்கக் கம்பிக்கு இன்னொரு குணகமும் சேரும். ஆழமான பீமில் ஊற்றிய கொங்கிரீட் அடங்கும்போது மேலுள்ள கம்பியின் அடியில் நீர் தேங்குவதால் அங்கே பிடிப்பு குறைவு. கம்பியின் கீழ் 300 மில்லிமீற்றருக்கு மேல் புதுக் கொங்கிரீட் இருந்தால் ஏ.சி.ஐ. 1.3 என்கிறது, எப்பொக்சிக் குணகத்தோடு சேர்த்த பெருக்கம் 1.7ஐத் தாண்டத் தேவையில்லை என்றும் சொல்கிறது. நுனி கொக்கியாக வளைந்த எப்பொக்சிக் கம்பிக்கு 1.2 மடங்கு.

ஒரு கம்பியை இன்னொன்றின் பக்கத்தில் ஒட்டி நீட்டித் தொடரும் லாப் நீளத்துக்கும் இவை பொருந்தும். அங்கேதான் நடைமுறைச் சிக்கலும் எழுகிறது. தூணின் அடியில் எட்டுக் கம்பிகள் எட்டுக் கம்பிகளோடு லாப் ஆகும் இடத்தில், 640 மில்லிமீற்றர் 960 ஆனால் நெரிசல் ஒன்றரை மடங்கு உயரத்துக்கு நீளும். கல்லும் சாந்தும் உள்ளே இறங்காமல் தேன்கூடு விழும். பூச்சால் இழந்த பிடிப்பை நீளத்தால் ஈடுசெய்யப் போய், வெற்றிடத்தால் மறுபடி இழப்பது இப்படித்தான். லாப்களைத் தள்ளித் தள்ளி வைப்பது, வளையங்களை நெருக்குவது, 20 மில்லிமீற்றர்க் கல்லுக்குப் பதிலாகச் சிறியதைக் கேட்பது ஆகியவற்றை வடிவமைப்பவர் வரைபடத்திலேயே சொல்லிவிட வேண்டும். கொங்கிரீட் லொறி வாசலில் நிற்கும்போது தீர்க்கக்கூடிய விடயம் அல்ல அது.

ஐந்தாம் படி: தளத்தில் கையாளுதல்

எப்பொக்சிக் கம்பியை இரும்புச் சங்கிலியால் தூக்குவது முதலாவது தவறு. நைலோன் பட்டியால் தூக்கி, மரக்கட்டைகளின் மேல் அடுக்கி, இரண்டு மாதத்துக்கு மேல் வெளியில் கிடக்குமானால் வெயில் படாத விரிப்பால் மூட வேண்டும். சூரிய ஒளி படலத்தை நொறுங்கச் செய்யும். கட்டுக் கம்பியும் பிளாஸ்டிக் உறையிட்டதாக இருக்க வேண்டும். அதிர்வூட்டியின் தலைக்கு இறப்பர் உறை வேண்டும்; வெறும் இரும்புத் தலை படலத்தை உரித்துவிடும். தீச்சுவாலையால் வெட்டக் கூடாது. வெட்டிய நுனிகளையும் கீறல்களையும் உற்பத்தியாளர் தரும் இரு பகுதித் திருத்தப் பூச்சால் மூட வேண்டும். எந்த ஓர் அடி நீளத்திலும் பழுதான பரப்பு 2 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் கம்பியைத் திருப்பி அனுப்புவதே முறை.

திருத்தப் பூச்சை அள்ளிப் பூசக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தூரிகையால் தடிப்பாகப் பூசிய இடத்தில் வரிகளே மறைந்துபோகும். லாப் விழும் இடத்தில் அப்படி நடந்தால், அந்த நீளத்துக்குக் கம்பி வழுவழுப்பான கம்பிக்குச் சமம். பூசியபின் நகத்தை நெடுக்காக இழுத்துப் பார்த்தால் வரி தட்டுப்பட வேண்டும்.

நாகமுலாம் இவ்வளவு நளினமானதல்ல. ஆனால் முலாமிட்ட கம்பியை வெறும் கம்பியோடு கலந்து கட்டினால், ஈரமும் உப்பும் சேர்ந்த இடத்தில் வெறும் கம்பிக்காக நாகம் தன்னை இழந்து தீர்ந்துபோகும். ஒரு உறுப்பில் முலாமென்றால் வளையங்களும் கட்டுக் கம்பியும் முலாமிட்டவையாக இருக்கட்டும்.

ஊற்றுவதற்கு முந்திய மாலை ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு லாப் விழும் இடங்களில் கம்பியைத் துடைத்துப் பார்க்க வேண்டும். செந்நிறக் கறை லேசாகப் பட்டால் பரவாயில்லை. எண்ணெய்க் கறுப்பு, சேறு, தெறித்துக் காய்ந்த பழைய கொங்கிரீட்டின் தூள் பட்டால் சுத்தம் செய்த பின்பே ஊற்ற வேண்டும்.

ஆறாம் படி: சந்தேகமிருந்தால் சோதித்தல்

அறிமுகமில்லாத பூச்சொன்றை விற்பனையாளர் புகழ்ந்தால், அவருடைய கையேட்டைவிட ஒரு இழுப்புச் சோதனை நம்பகமானது. பல்கலைக்கழகச் சோதனைக்கூடத்தில் எளிதாகச் செய்யலாம். 12 மில்லிமீற்றர்க் கம்பியைக் கொங்கிரீட் கனவுருவின் நடுவில் நிறுத்தி, விட்டத்தின் 5 மடங்கான 60 மில்லிமீற்றர் மட்டுமே கொங்கிரீட்டைத் தொடும்படி மீதியைப் பிளாஸ்டிக் குழாயால் மறைக்க வேண்டும். பூச்சிட்டதிலும் வெறும் கம்பியிலும் ஒரே கலவையில், ஒரே நாளில், குறைந்தது மூன்று மூன்று மாதிரிகள் வேண்டும். தொடும் பரப்பு ஏறத்தாழ 2262 சதுர மில்லிமீற்றர், கம்பி 22.6 கிலோநியூற்றனில் நழுவினால் பிடிப்புத் தகைப்பு சதுர மில்லிமீற்றருக்கு 10 நியூற்றன். இதே கம்பி 56 கிலோநியூற்றனை அண்மித்தே நெகிழத் தொடங்கும் என்பதால், அதற்கு முன் நழுவுவது பிடிப்பின் தோல்வியே.

உச்ச விசையை மட்டும் குறிக்காமல், கம்பியின் மறுநுனி எந்த விசையில் நகரத் தொடங்குகிறது என்பதையும் டயல் மானியால் குறிக்க வேண்டும். பூச்சிட்ட கம்பி பல வேளைகளில் உச்சத்தில் பெரிதாகப் பின்தங்காது. சீக்கிரமே நகரத் தொடங்கிவிடும். விரிசலின் அகலத்தைத் தீர்மானிப்பது அந்த ஆரம்ப நகர்வே. இச்சோதனையின் குறையையும் அறிந்திருக்க வேண்டும்: கனவுருவைத் தாங்கும் தகடு கொங்கிரீட்டை அழுத்திப் பிடிப்பதால், உண்மையான பீமில் நிகழும் பிளவு இங்கே நிகழாது, பூச்சு உண்மையைவிட நல்லதாகத் தோன்றும். அதனால்தான் ஏ.எஸ்.டி.எம். ஏ 944 பீம் நுனியையே மாதிரியாக எடுக்கிறது. எப்பொக்சிக் கம்பி அதில் வெறும் கம்பியின் 85 சதவீதத்தையாவது எட்ட வேண்டும் என்பது ஏ 775இன் நிபந்தனை.

ஏழாம் படி: மொட்டைமாடியில் நீட்டி நிற்கும் கம்பிகள்

கட்டும்போதே முடிவெடுப்பவருக்கு வழி எளிது. தூணின் தலையில் லாப் நீளத்துக்குக் கம்பியை நீட்டி விட்டு, அதைச் சுற்றிப் பலகையடித்து, சீமெந்து குறைந்த மெலிந்த கலவையால் கட்டையாக மூடிவிட வேண்டும். கட்டையின் தலை நீர் வழியும்படி சரிந்திருக்க வேண்டும். மேல்மாடி எழுப்பும் நாளில் மெலிந்த கலவையை உளியால் தட்டி நீக்கலாம்; உள்ளே கம்பி வெளியில் நின்றதைவிட நல்ல நிலையில் இருக்கும். இன்னும் திருத்தமான வழி, இரண்டு கம்பிகளை நுனியோடு நுனி இணைக்கும் மரையிட்ட குழலான கப்ளரைத் தூணின் தலைமட்டத்தில் புதைத்து மூடியிட்டு விடுவது. நீட்டிய கம்பியே இராது.

ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் நிற்கும் கம்பியானால், முதலில் அதன் அடியைப் பார்க்க வேண்டும். கம்பி கொங்கிரீட்டுக்குள் நுழையும் இடத்தில்தான் மழைநீர் தங்கும். நுனி நன்றாக இருக்க அடி கழுத்துப்போல் மெலிந்திருப்பது வழக்கம். கறளை உதிர்த்துவிட்டு வேர்ணியர் இடுக்கியால் அளக்க வேண்டும். 16 மில்லிமீற்றர்க் கம்பி 15 ஆகியிருந்தால் குறுக்குப் பரப்பில் 12 சதவீதம் போய்விட்டது. வரிகளின் உயரமும் தேய்ந்திருக்கும். அது பிடிப்பில் வேறு ஒரு கழிவு.

பெயின்ட் அடித்த கம்பியில், கம்பித் தூரிகை வரிகளின் மேல்முகட்டை மட்டும் சுரண்டும். வரிகளுக்கிடையிலான பள்ளத்தில் படலம் அப்படியே இருக்கும், பிடிப்புக்கு வேண்டியதோ அந்தப் பள்ளம். ஊசித் துப்பாக்கி எனப்படும் தட்டிச் சுரண்டும் கருவியோ மணல்வீச்சோ கொண்டு வெறும் உருக்குத் தெரியும்வரை நீக்க வேண்டும். தீச்சுவாலையால் எரித்து நீக்குவது இன்றைய கம்பியின் வலுவைக் கெடுக்கும், ஏனெனில் தொழிற்சாலையில் சூடாக்கிக் குளிரூட்டி அளித்த வலு மறுபடி சூடேறினால் குலைந்துவிடும். பெயின்ட் உருக்கிகளை ஊற்றினால் அவற்றின் எச்சமே புதிய பூச்சாகிவிடும்.

அடியில் மெலிந்துபோன கம்பியை எவ்வளவு சுத்தம் செய்தும் பயனில்லை. அதை விட்டுவிட்டு, தூணின் தலையில் துளையிட்டு இரசாயனப் பசையால் புதிய கம்பி நடுவதே வழி. துளையின் ஆழத்தை வடிவமைப்பவர் தர வேண்டும். பழைய கம்பிகளும் வளையங்களும் எங்கே ஓடுகின்றன என்பதைக் கருவியால் கண்டபின் துளையிட வேண்டும். துளையிட்டபின் காற்றை ஊதி, உருளைத் தூரிகையால் தேய்த்து, மீண்டும் ஊத வேண்டும். சுவரில் ஒட்டிய தூளோடு பசையை விட்டால் பசை தூளைத்தான் பிடிக்கும். நடப்படும் புதிய கம்பிக்கு எந்தப் பூச்சும் இருக்கக் கூடாது. பசை இறுகும் நேரம் பொதியில் அச்சிட்டபடி கழியுமுன் கம்பியை ஆட்டவோ, வளையம் கட்டவோ கூடாது. இறுகியபின் நட்டவற்றில் சிலவற்றையாவது, மேலே கொங்கிரீட் ஊற்றுமுன், பொறியியலாளர் சொல்லும் விசைக்கு ஜாக்கியால் இழுத்துப் பார்த்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.